சங்கீத வகுப்பும் பள்ளி மேடையும்: யாழ்ப்பாணத்தில் அன்றும் இன்றும்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சங்கீதம் பாடமாக வருவதற்கு முன்பே பாட்டு இருந்தது. காலை மணி அடித்ததும் பிரார்த்தனை மண்டபத்தில் ஒரு பிள்ளை தேவாரத்தை எடுத்துக்கொடுக்கும், மற்றப் பிள்ளைகள் பின்னால் சேர்ந்து பாடுவார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டு வழிபாடு, நாயன்மார் குருபூசை, நவராத்திரி என்று சைவப் பள்ளிகளில் பாடுவதற்கு ஆண்டு முழுவதும் வேளை கிடைத்தது. மிஷன் பள்ளிகளில் ஞானப்பாட்டு இருந்தது, ஆர்மோனியமும் பியானோவும் இருந்தன. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியிலும் 1896இல் தொடங்கிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரியிலும் பாடகர் குழு பள்ளி வாழ்க்கையோடு ஒட்டியே வளர்ந்தது. குரல் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளிக்கு வந்த பிள்ளை வாய் திறந்து பாடியது.

இன்று ஆறாந் தரத்திலிருந்தே சங்கீதம் ஒரு பாடம். அதற்கு இலவசப் பாடநூல் உண்டு, பட்டம் பெற்ற ஆசிரியர் உண்டு, பரீட்சை உண்டு, தேசிய மட்டம் வரை போகிற போட்டிகளும் உண்டு. முன்னைய தலைமுறை கனவிலும் காணாத வாய்ப்புகள் இவை. ஆனாலும் சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் பெருகிய அளவுக்குப் பாடுகிற பிள்ளைகள் பெருகவில்லை என்பதை இந்தப் பள்ளிகளோடு பழகுகிற எவரும் உணர்வார். என்ன கிடைத்தது, எது கைநழுவியது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்து எதைச் செய்யலாம் என்பது தெரியும்.

கேட்டுப் படித்த காலம்

கர்நாடக சங்கீதத்தை முறைப்படி படிக்க விரும்பியவர்கள் முற்காலத்தில் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியேதான் போக வேண்டியிருந்தது. வசதியுள்ள குடும்பங்கள் பாகவதரை வீட்டுக்கு அழைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. இன்னும் ஆழமாகப் படிக்க நினைத்தவர்கள் கடல் கடந்து சிதம்பரத்துக்குப் போய், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் 'சங்கீதபூஷணம்' பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களில் பலர் கல்லூரிகளில் ஆசிரியர்களாகச் சேர்ந்து பள்ளிக்குள் சங்கீதத்துக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார்கள்.

1931இல் தோன்றிய வட இலங்கை சங்கீத சபை இன்னொரு கதவைத் திறந்தது. படிப்படியான தரங்கள், ஒவ்வொன்றுக்கும் எழுத்துப் பரீட்சை, பாடிக் காட்டும் பரீட்சை, எல்லாவற்றையும் கடந்தவருக்குக் 'கலாவித்தகர்' பட்டம் என்று அது ஒரு பொது அளவுகோலை உண்டாக்கியது. கிராமத்தில் படித்த பிள்ளையும் பட்டணத்தில் படித்த பிள்ளையும் ஒரே பரீட்சைக்கு உட்கார முடிந்தது. பெண் பிள்ளைகள் சங்கீதம் படிப்பதற்கும், படித்ததை வைத்துத் தொழில் செய்வதற்கும் இந்தச் சான்றிதழ் துணையாக நின்றது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் நிறுவிய மகளிர் கல்லூரியின் அயலில், 1960இல் இராமநாதன் சங்கீத அக்கடமி எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து வித்துவான்கள் வந்து தங்கிப் படிப்பித்தார்கள். மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராக இருந்திருக்கிறார். சிதம்பரம் போக வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சங்கீதக் கல்வி துவிச்சக்கர வண்டி மிதித்துப் போகும் தூரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கால வகுப்பில் காதுதான் முதல் கருவி. ஆசிரியை ஒரு வரி பாடுவார். பாயில் இருக்கும் பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பிழைத்தால் மறுபடியும் அதே வரிதான். கொப்பியில் எழுதுவது பிறகு நடக்கும். ஒரு பிள்ளை சுருதிப்பெட்டியின் துருத்தியை இழுத்துக்கொண்டே இருக்கும். கை தளர்ந்தால் சுருதி தளரும் என்பதால், இழுக்கிற பிள்ளைக்கும் சுருதி உடம்பில் ஊறியது. ஒரு கீர்த்தனை பாடமாக வாரங்கள் எடுத்தாலும், பாடமான பிறகு அது வாழ்நாள் முழுக்க நின்றது. எழுபது வயது தாண்டிய பழைய மாணவிகள் பலர் ஏட்டைப் பாராமல் இன்றும் கீர்த்தனை பாடுவது அந்தப் பயிற்சியின் பலன்.

மேடைகள் அப்போது குறைவு. வாணி விழா, பரிசளிப்பு விழா, ஊர்க் கோயில் திருவிழா, அத்தோடு இலங்கை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சி. குரல் வளமுள்ள இரண்டொரு பிள்ளைகளே எல்லா மேடையிலும் ஏறினார்கள். இருந்தாலும் அவர்களைச் சுற்றி ஒரு கூட்டமே வேலை செய்தது. நாட்டிய நாடகம் என்றால் மேடையோரத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பாடினார்கள், ஒருவர் மிருதங்கம் வாசித்தார், ஒருவர் தாளம் தட்டினார். ஆடத் தெரியாத பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது.

இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல சங்கீத ஆசிரியர் இருந்த பள்ளிகள் பெரும்பாலும் பட்டணத்துப் பெரிய கல்லூரிகள். அங்கே கட்டணம் கட்டப் பணம் வேண்டும். சாதி அதைவிடப் பெரிய சுவர். உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுப்பதற்கே 1930களை ஒட்டிக் கடும் எதிர்ப்புக் கிளம்பிய மண் இது. வாங்கில் உட்கார விடாத பள்ளி, வீணையைத் தொட விட்டிருக்குமா? அன்றைய மேடையில் ஒலித்த இனிய குரல்களை நினைக்கும்போது, மேடைக்கு அருகே வரவே முடியாமல் போன குரல்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பாடத்திட்டத்துக்குள் வந்த சங்கீதம்

பணமும் சாதியும் எழுப்பிய அந்தச் சுவரில் பெரிய உடைவுகளை உண்டாக்கியது அரச கல்விக் கொள்கை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இலும் 1961இலும் உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அழகியற் கல்வியைப் பொதுப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. இன்று ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை ஒவ்வொரு பிள்ளையும் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றைப் படித்தே ஆக வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடமாகத் தொடர்கிறது. உயர்தரத்தில் கலைப் பிரிவு மாணவர்கள் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்கலாம்.

1975இல் இராமநாதன் அக்கடமி, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக இருக்கும் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் படித்தவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெறும் வழி இதனால் உருவானது. கிழக்கில் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தரின் பெயரில் அமைந்த இசை நடனக் கல்லூரி அதே பணியைச் செய்தது. இவற்றில் படித்து வெளியேறியவர்கள் வடக்குக் கிழக்குப் பள்ளிகளில் சங்கீத ஆசிரியர்களானார்கள்.

இந்த மாற்றத்தின் பெறுமதியை எவ்வளவு சொன்னாலும் தகும். கமக்காரர் வீட்டுப் பிள்ளையும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரு சதமும் செலவில்லாமல் சரளி வரிசை தொடங்கி, பட்டதாரி ஆசிரியராகி, தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பி வர முடிந்தது. ஒரு காலத்தில் சில வீடுகளின் முன்கூடத்துக்குள் மட்டும் கேட்ட சங்கீதம் கிராமத்து மகாவித்தியாலயத்தின் ஓட்டுக் கொட்டகைக்குள் கேட்கத் தொடங்கியது.

மின்சாரம் இல்லாத ஆண்டுகள்

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே போர் கிடக்கிறது. 1990இன் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடானது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி, அந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். கசெற்றில் ஒரு கச்சேரி கேட்பதென்றாலும் ஒருவர் மிதிக்க வேண்டும்.

கர்நாடக சங்கீதத்துக்கு மின்சாரம் தேவையில்லை என்பது அந்த ஆண்டுகளில் பெரிய ஆறுதலாக இருந்தது. கையால் இழுக்கும் சுருதிப்பெட்டி, ஒரு மிருதங்கம், ஒரு குரல் இருந்தால் வாணி விழா நடந்தது. ஒலிபெருக்கி இல்லாததால் பிள்ளைகள் வாய்விட்டுப் பாடினார்கள், கேட்பவர்கள் அமைதியாக இருந்தார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் தேதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். கையில் தூக்கக்கூடியதைத்தான் எடுத்துப் போக முடிந்தது. வீணையும் தம்புராவும் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய பொருட்கள் அல்ல. தென்மராட்சிப் பள்ளிகளில் இடம்பெயர்ந்த பள்ளிகள் மாலை நேரப் பள்ளிகளாக இயங்கின. மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் நடந்த அந்த வகுப்புகளில் வாத்தியம் இல்லாத குறையைக் குரலே நிரப்ப வேண்டியிருந்தது. 2009இல் போர் முடியும்வரை அன்று பள்ளி சென்ற தலைமுறை இடம்பெயர்வுக்கும் இடம்பெயர்வுக்கும் நடுவில்தான் படித்தது. வன்னிப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடைக்காத ஆண்டுகள் இருந்தன. இன்று வடக்கில் சங்கீத ஆசிரியர்களாக இருக்கிற பலர் அந்தக் காலத்தின் பிள்ளைகள். தாங்கள் பெறாத வசதிகளைத் தங்கள் மாணவர்களுக்குத் தேடிக் கொடுக்க அவர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்றைய வகுப்பறை

இப்போது வகுப்பறைக்குள் போய்ப் பார்ப்போம். பல பள்ளிகளில் சங்கீதத்துக்கென்று தனி அறை கிடையாது. பக்கத்து வகுப்பில் கணிதம் நடக்கும். நடுவே அரைச்சுவர். முப்பது பிள்ளைகள் சேர்ந்து ஜண்டை வரிசை பாடினால் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். "ரீச்சர், கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லுங்கோ" என்று ஒரு மாணவன் தூது வருவான். ஆசிரியை என்ன செய்வார்? சோக்கை எடுத்துக் கரும்பலகையில் இராக இலட்சணத்தை எழுதுவார். பிள்ளைகள் கொப்பியில் இறக்குவார்கள். ஆரோகணம், அவரோகணம், தாளப் பிரிவு, வாக்கேயகாரர் வரலாறு எல்லாம் கொப்பிக்குள் அழகாக ஏறிவிடும். மோகனத்துக்கு எந்தெந்தச் சுரங்கள் என்று கேட்டால் பிள்ளை பிசகாமல் சொல்லும். பாடச் சொன்னால் தயங்கும்.

பரீட்சை முறையும் எழுத்தின் பக்கமே சாய்கிறது. சாதாரண தரத்தில் எழுத்து வினாத்தாளோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. அந்த ஒரு நாளுக்காகப் பிள்ளைகள் சில உருப்படிகளைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகுகிறார்கள். கொரோனாக் காலத்தில் செயன்முறைப் பரீட்சைகளை நடத்த முடியாமல் போனதால், 2021 செப்ரெம்பரில் வந்த சாதாரண தரப் பெறுபேறுகளில் அழகியற் பாடங்களுக்குப் புள்ளி இல்லாமல் இருந்தது. மற்றப் பாடங்கள் தாளில் முடிந்துவிடும், சங்கீதம் ஆளுக்கு முன் ஆள் இருந்து பாடினால்தான் முடியும் என்பதை நாடு முழுவதும் அன்று கண்டது.

பள்ளி விட்டால் தனியார் வகுப்பு. பத்தாந் தரம் வந்துவிட்டால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று மாலை முழுவதும், சனி ஞாயிறு முழுவதும் ரியூசன். சாதகம் செய்யும் விடிகாலைப் பொழுதையும் பயிற்சித்தாள் எடுத்துக்கொள்கிறது. சங்கீதத்தைப் 'புள்ளி எடுக்க வசதியான பாடம்' என்று கணக்குப் பார்த்துத் தெரிவு செய்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். சாதாரண தரத்தில் 'ஏ' எடுத்த மறுநாளே சங்கீதக் கொப்பியைக் கட்டி வைத்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இன்னொரு பக்கத்தில் இன்றைய பிள்ளையின் கையில் இருப்பதை முன்னைய தலைமுறை கேட்டால் வியக்கும். தம்புராச் சுருதி கைத்தொலைபேசியில் ஒரு செயலியாக இருக்கிறது. எந்த வித்துவானின் கச்சேரியையும் நினைத்த நேரத்தில் கேட்கலாம். ஒரே இராகத்தைப் பத்துப் பேர் எப்படிப் பாடினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிடித்த சங்கதியை நூறு தரம் திருப்பிப் போடலாம். கசெற்றுக்காகச் சைக்கிள் மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஆசிரியை வழிகாட்டினால் இந்தக் கருவி பெரிய வரம். நல்ல ஆசிரியைகள் வீட்டு வேலையாகவே ஒரு பாட்டைக் கேட்டு வரச் சொல்கிறார்கள்.

மேடையின் மாற்றம்

மிகப் பெரிய மாற்றம் மேடையில் நடந்திருக்கிறது. அகில இலங்கைத் தமிழ்த் தினப் போட்டி பள்ளியில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறித் தேசிய மட்டம் வரை போகிறது. தனி இசை, குழு இசை, பாவோதல், வில்லுப்பாட்டு என்று பல பிரிவுகள் உண்டு. பண்ணிசைப் போட்டிகளும் ஆண்டுதோறும் நடக்கின்றன. கிளிநொச்சியின் ஒரு சிறிய பள்ளியில் படிக்கிற பிள்ளை, பெயர் கேள்விப்படாத ஊர்களின் பிள்ளைகளோடு ஒரே மேடையில் நின்று பாடித் தேசியச் சான்றிதழ் பெற்று வருகிறது. அந்தப் பிள்ளைக்கும் பள்ளிக்கும் ஊருக்கும் அது எவ்வளவு பெரிய நாள்! தொலைக்காட்சி மேடையும் எட்டாத தூரத்தில் இல்லை. 2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' பட்டத்தை யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருவர் வென்றபோது வடக்கின் வீடுகள் எல்லாம் கொண்டாடின.

போட்டி பிள்ளையைக் கூர்மையாக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஒரு பள்ளியின் இசை வாழ்க்கை முழுவதும் போட்டிக்குள் அடங்கிவிடும்போதுதான் துயரம் தொடங்குகிறது. போட்டி, தன் இயல்பிலேயே, ஒருவரைத் தெரிவு செய்து மற்றவர்களை உட்கார வைக்கிறது. பள்ளி மட்டத்தில் ஒரு பிள்ளையைத் தெரிவு செய்ததும், மீதிப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டின் மேடை முடிந்துபோகிறது. தெரிவான பிள்ளையும் மாதக்கணக்கில் ஒரே பாட்டையே மெருகேற்றுகிறது. கோட்டத்தில் தோற்றுவிட்டால் அந்தப் பாட்டை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

பரிசளிப்பு விழாவில் நடனம் இருக்கிறது, ஆனால் மேடையோரப் பாடகர்கள் இல்லை. பென் டிரைவில் பதிந்து வந்த பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பாடசாலைக் கீதமும் பல இடங்களில் பதிவிலிருந்து ஒலிக்கிறது, பிள்ளைகள் அசையாமல் நிற்கிறார்கள். சுத்தமான ஒலி, பிழையில்லாத நிகழ்ச்சி, பிரதம விருந்தினருக்கு நேரம் மிச்சம். ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து பாடவும், ஒருவர் தாளம் தட்டவும், ஒருவர் பிழைத்து இன்னொருவர் சமாளிக்கவும் இருந்த இடம் போய்விட்டது. அந்த இடத்தில்தான் சாதாரணக் குரலுள்ள பிள்ளை சங்கீதத்தோடு உறவு கொண்டது.

வாசலில் நிற்கும் வாத்தியங்கள்

அன்றிலிருந்து இன்றுவரை மாறாமல் இருக்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரதம விருந்தினர் பள்ளி வாசலில் இறங்கும்போது நாதஸ்வரமும் தவிலும் முழங்கும். இல்லையென்றால் பாண்ட் வாத்தியக் குழு முன்னே அணிவகுத்து நடக்கும். மண்டபத்து வாசலோடு நாதஸ்வரக் கலைஞர்கள் நின்றுவிடுவார்கள். உள்ளே சங்கீத ஆசிரியையின் மாணவிகள் கீர்த்தனை பாடுவார்கள்.

தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இந்த மண்ணில் பிறந்தவர். தமிழ்நாட்டின் பெரும் வித்துவான்கள் அவர் கையைத் தேடினார்கள். இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர, தவில் பரம்பரைகளால் பெயர் பெற்ற ஊர்கள். அப்படியிருந்தும் பள்ளிச் சங்கீதம் பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. பறைக்குக் கிடைத்த இடம் அதைவிடக் குறைவு. கூத்து ஓரளவுக்கு உள்ளே வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றியபோது, கிராமத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் கலைக்குப் படித்தவர்களின் மண்டபத்தில் இருக்கை கிடைத்தது. ஒரு பேராசிரியர் முனைந்து நின்றதால் நடந்த மாற்றம் அது. அதே முனைப்பு இருந்தால் நாதஸ்வரமும் தவிலும் பறையும் வகுப்புக்குள் வரும்.

பள்ளியால் முடிந்தவை

இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்க அமைச்சின் சுற்றுநிருபம் தேவையில்லை, ஒரு அதிபரின் முடிவு போதும். மாதத்தில் ஒரு காலை, பரிசும் நடுவரும் இல்லாத ஓர் இசை வேளையை ஒதுக்கலாம். தரம் ஆறிலிருந்து பதினொன்று வரை ஒவ்வொரு வகுப்பும் முறை வைத்துச் சேர்ந்து பாடட்டும். தனியாகப் பாட அஞ்சுகிற பிள்ளை பத்துப் பேர் நடுவில் நின்று பாடும். அடுத்த ஆண்டு இருவராக நின்று பாடும். மேடைப் பயம் அப்படித்தான் போகும்.

பாடசாலைக் கீதத்தைப் பதிவிலிருந்து போடுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளின் வாயால் பாடவைக்கலாம். பரிசளிப்பு விழாவின் ஒரு நடனத்துக்காவது பிள்ளைகளே உட்கார்ந்து பாடி வாசிக்கட்டும். சங்கீத வகுப்புக்கு அறை இல்லையென்றால் மைதான ஓரத்து வேம்பின் நிழலைக் கொடுக்கலாம். அங்கே எவருடைய கணிதமும் கெடாது.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பழைய மாணவர் சங்கங்கள் வயலினும் கீபோர்ட்டும் வாங்கி அனுப்புகின்றன. அந்த அன்புக்குப் பள்ளிகள் கடமைப்பட்டிருக்கின்றன. ஆனால் தந்தி அறுந்த வயலினை மாற்றித்தர ஆளில்லாமல் வாத்தியங்கள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடப்பதும் உண்டு. அடுத்த முறை பணம் அனுப்புகிறவர்கள் அதன் ஒரு பங்கைத் தந்திக்கும் தோலுக்கும் பழுதுபார்ப்புக்கும், இன்னொரு பங்கை வாரம் ஒரு நாள் வந்து படிப்பிக்கும் கலைஞருக்கும் என்று எழுதி அனுப்பட்டும். ஊரின் தவில் கலைஞரும் அண்ணாவியாரும் அந்தப் பணத்தில் மதிப்போடு வகுப்புக்குள் வருவார்கள். நியமனத்துக்காகக் காத்திருக்கும் நுண்கலைப் பட்டதாரிகளுக்கும் அது ஒரு தொடக்கமாகும்.

ஒரு பிள்ளை ஆறாந் தரத்தில் சங்கீதத்தைத் தெரிவு செய்து பதினோராந் தரத்தில் விடைபெறுகிறது. இடையில் ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் அது எத்தனை புள்ளி எடுத்தது என்ற விபரம் எல்லாப் பள்ளிகளிலும் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை தரம் பிறர் முன்னிலையில் பாடியது, எத்தனை தரம் சேர்ந்து வாசித்தது என்பதையும் அதே பதிவேட்டில் ஒரு நிரலாகச் சேர்த்தால் போதும். வெறுமையாகக் கிடக்கும் கட்டத்தைக் கண்ட எந்த நல்ல ஆசிரியரும் சும்மா இருக்க மாட்டார். இலவசக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் சங்கீத வகுப்பின் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த எல்லாரையும் பாடவைப்பது இந்தத் தலைமுறை அதிபர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் செய்து முடிக்க வேண்டிய வேலை.